எட்டுக்கு அப்புறம் ஒன்று

டீத்தூள் ஏஜென்சி கொடுத்த டைரியில்
மே மாதம் முழுக்கக் காலி.
அதில் எழுதுகிறேன்:
முதல் வகுப்பு. ஞாயிறு. மாலை நாலரை.
கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால், பத்து நிமிடம்.
எண்ணிக்கை, பத்து நிமிடம்.
பேர் கேட்பது.
இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்.
அம்புக்குறி போட்டு மேலே ஏற்றுகிறேன்.

கொருக்குப்பேட்டையில் எத்திராஜ் அண்ணனின் லேத் பட்டறைக்கு மேலே
தகரக் கூரை ஹால். மணிக்கு நூற்றைம்பது.
கண்ணாடி கிடையாது.
"கண்ணாடி இன்னாத்துக்குமா, அதான் நீ கீறியே"
என்று சாவியைக் கொடுத்தார்.

ஆறு வருடம் இரண்டாவது வரிசையில் ஆடியவள் நான்,
இடமிருந்து நாலாவது.
எனக்கு முன்னால் ஷெர்லினின் முதுகு.
கழற்றாத ஊக்கு, பிடரியில் ஒட்டிய முடி,
தாளத்துக்கு ஒரு நூல் முந்தும் அவள் வலது தோள்.
அது கிளம்பினால்தான் என்னுடையது கிளம்பும்.
அவள் தப்பாக ஆடிய மேடையில்
நானும் தப்பாக ஆடினேன்,
யாருக்கும் தெரியாத அளவுக்கு ஒற்றுமையாக.
இனிமேல் முதுகு இல்லை.
எதிரே பதினொரு முகம்.

அவர்களைப் பார்த்து நின்றால்
என் வலது அவர்களுக்கு இடது.
வாய் வலது என்று சொல்ல
கை இடதைத் தூக்க வேண்டும்.
மூன்று நாளாகப் பழகுகிறேன்.
பைப்பைத் தப்பான பக்கம் திருகி இறுக்கிவிட்டேன்.
எண்ணூர் ரோட்டில் வடக்கே போகும் ஷேர் ஆட்டோவில்
"ரைட்ல நிறுத்துங்கண்ணா" என்று
இடது கையை நீட்டினேன்.
"சொல்றது கடலு, காட்றது கடை.
எங்கமா எறங்கப் போற?"

மறுபடி டைரி.
டில்லிராணி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாளாம்.
தம்பிக்கு ஓர் இடம், ஃபேனுக்கு நேர் கீழே.
சுகைல் வீட்டில் கராத்தே என்று சொல்லியிருக்கிறான்.
அவனுக்கு மட்டும் ஓர் உதை, இரண்டு குத்து,
கேட்டால் செய்து காட்ட.
யுவஸ்ரீக்கு வலது கால் கொஞ்சம் குட்டை.
அவள் அம்மா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
குதிப்பது வேண்டாம் என்று எழுதினேன்.
அடித்தேன்.
உட்கார்ந்து ஆடும் பாடம் என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
அவளையே கேள்.

ஞாயிறு. நாலு இருபத்திரண்டு.
கொருக்குப்பேட்டை கேட் போட்டாகிவிட்டது.
சாவி என்னிடம். ஹால் அந்தப் பக்கம்.
மீன்பாடி வண்டி, தண்ணீர் லாரி, கல்யாண வேன்,
நடுவில் டைரியோடு ஒரு டீச்சர்.
பட்டறை வாசலில் நின்று சலித்த பிள்ளைகள்
கேட்டுக்கே வந்துவிட்டார்கள் போல.
சரக்கு ரயில் நகர்கிறது.
ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே
டில்லிராணி, இடுப்பில் தம்பி.
அடுத்த இடைவெளியில்
சுகைல் யாரையோ உதைக்கிறான்.
அடுத்ததில் தம்பி தரையில்.
அடுத்ததில் யாரும் இல்லை.
சக்கரம் தடம் மாறும் சத்தத்துக்கு
என் உதடு தானாக எண்ணுகிறது:
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்று.

பக்கத்தில் சைக்கிளில் சாய்ந்த ஒரு பையன்
ரொம்ப நேரமாக என் வாயைப் பார்க்கிறான்.
"எட்டுக்கப்புறம் ஒம்போது வர்லியே கா."
"வராது. திரும்ப ஒண்ணு."
"ஏன்?"
டைரியில் இதற்கு ஒரு வரி இல்லை.
எத்தனை பெட்டி போனது என்றும் தெரியவில்லை.
"நீயும் டான்ஸ் கிளாஸுக்கா?"
"பாத்துட்டுச் சொல்றேன்."

கடைசிப் பெட்டி. கேட் ஆடிக்கொண்டே ஏறுகிறது.
மொத்த ரோடும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கிறது.
டைரியை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு
அவனிடம் பேரைக் கேட்டேன்.
சொன்னான். கேட்கவில்லை.
மறுபடி, என்றேன்.